பாம்பு, நாய், தேள், குளவி: கடித்தால், கொட்டினால் முதலுதவி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கடிவாயில் என்ன செய்வது என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடித்தது எது என்பதைப் பொறுத்து பதில் நேரெதிராக மாறும். பாம்பு கடித்த இடத்தில் கையே வைக்கக் கூடாது. நாய் கடித்த இடத்தைக் கால் மணி நேரம் விடாமல் கழுவியாக வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். பாம்புக் கடியைக் கீறிப் பிழிகிறார்கள், நாய்க் கடியில் சுண்ணாம்பை அப்பிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அதனால் இந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

பாம்பு கடித்த முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாம்பை விட்டு விலகி வாருங்கள். கடித்த பாம்பு மறுபடியும் கடிக்கும். பிறகு கடிபட்டவரை அந்த இடத்திலேயே உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள். பாம்பின் விஷம் பெரும்பாலும் நிணநீர் வழியாகப் பரவுகிறது. தசை அசைய அசைய அந்த ஓட்டம் வேகமாகும். வரப்பில் ஓடி வீட்டுக்கு வந்து சேர்வதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. அவர் ஓட வேண்டாம், ஆள் அவரிடம் ஓடட்டும்.

108-க்குப் பேசுங்கள். வண்டி வருவதற்குள் மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய காப்புக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விரியன் கடித்தால் சிறிது நேரத்திலேயே வீக்கம் ஏறும். வீங்கிய விரலில் மெட்டி இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அப்போது அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்ட வேண்டும். எலும்பு முறிந்தால் கட்டுவது போலவேதான். நீளமான ஸ்கேல், மூங்கில் பட்டை, மடித்த அட்டை, கெட்டியாகச் சுருட்டிய செய்தித்தாள் எதுவும் உதவும். கடிவாயை விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் துண்டாலோ துப்பட்டாவாலோ கட்டுங்கள். கட்டுக்குள் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். காலில் கடித்திருந்தால் இரண்டு கால்களுக்கும் நடுவே மடித்த போர்வையை வைத்துச் சேர்த்துக் கட்டலாம். கையில் கடித்திருந்தால் கையை மடக்கி, கழுத்திலிருந்து தொங்கும்படி துணியில் தாங்கிவையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இதற்குச் சில நிமிடங்களுக்கு மேல் ஆகக் கூடாது.

கடிவாய்க்கு மேலே கயிறு கட்டினால் விஷம் ஏறாதே, ஏன் கூடாது என்கிறீர்கள்?

கயிறு விஷத்தை நிறுத்துவதில்லை, ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறது. விரியன், நல்ல பாம்பு இரண்டின் விஷமும் கடித்த இடத்தில் தசையைச் சிதைக்கும். இறுகக் கட்டினால் அந்த விஷம் ஒரே இடத்தில் தேங்கி, ரத்தமும் கிடைக்காத தசையை இன்னும் வேகமாக அழிக்கிறது. உயிர் பிழைத்தும் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் மெதுவாகக் கிளம்புவது இன்னொரு கேடு.

ஏற்கெனவே யாரோ கட்டிவிட்டார்கள். அவிழ்த்துவிடலாமா?

வழியில் நீங்களாக அவிழ்க்க வேண்டாம். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடலுக்குள் பாய்ந்து, மூச்சு நிற்கவோ ரத்த அழுத்தம் சரியவோ கூடும். மருத்துவமனை வாசலிலேயே “இத்தனை மணிக்குக் கட்டினார்கள்” என்று சொல்லுங்கள். விஷமுறிவு மருந்தையும் மூச்சுக் குழாயையும் தயாராக வைத்துக்கொண்டு, மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது மெல்லத் தளர்த்துவார்கள்.

கீறி ரத்தத்தை வெளியேற்றுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் வைப்பது?

எதுவும் வேண்டாம். உறிஞ்சி எடுக்கக் கூடிய ஆழத்தில் விஷம் இருப்பதில்லை. கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ரத்தம் உறையும் தன்மையே போய்விடும். அந்த நேரத்தில் பிளேடால் கீறினால் ரத்தம் நிற்காது. விஷக்கல் ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். விஷம் தீர்ந்ததும் தானே விழும் என்பது ஈரம் காய்ந்து விழுவதைப் பார்த்து வந்த நம்பிக்கை. ஐஸ் வைப்பதும், தேய்த்துக் கழுவுவதும்கூட வேண்டாம்.

வேப்பிலை கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று பார்ப்பது சரியா? பச்சிலை கொடுக்கலாமா?

வேப்பிலை, சிறியாநங்கை, மிளகு இவற்றின் ருசியை வைத்து விஷம் ஏறியதா என்று சொல்லவே முடியாது. கசப்பு தெரிகிறது என்பதால் வீட்டிலேயே இருத்திவிடுவதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. இன்னொன்றும் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷத்தில் விழுங்கும் தசைகள் செயலிழக்கும். அப்போது வாயில் ஊற்றும் பச்சிலைச் சாறு மூச்சுக் குழாய்க்குள் இறங்கி மூச்சை அடைக்கும். தண்ணீரும் காபியும்கூட வேண்டாம். உதடு காய்ந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வைத்தியர் மந்திரித்துப் பிழைத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊர்களில் கடிக்கிற பாம்புகளில் விஷமில்லாதவையே அதிகம். விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கிறது. அவர்கள் பிழைத்ததற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பாம்பு என்று தெரிய வேண்டுமா? அடித்து எடுத்துப் போகட்டுமா?

வேண்டாம். அடிக்கப் போய் இன்னொருவரும் கடிபடுவது சாதாரணமாக நடக்கிறது. தலை துண்டான பாம்புகூடச் சிறிது நேரம் கடிக்கும். தூரத்தில் நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் பரவாயில்லை, மருத்துவர் அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்குவார்.

இந்தியாவில் உயிரிழப்பு பெரும்பாலும் 4 பாம்புகளால்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுகிறது. அதனால் பாம்பின் பெயர் தெரியாததால் மருந்து தாமதமாகாது. இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தைப் பல ஆண்டுகளாக எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பல் தடம் இரண்டு இருந்தால் விஷப்பாம்பு, பல இருந்தால் விஷமில்லை என்பதையும் நம்ப வேண்டாம். ஒரு தடம் மட்டும் பதியலாம், கீறலாக இருக்கலாம், கட்டுவிரியன் கடித்தால் தடமே தெரியாமலும் போகலாம்.

இரவில் தரையில் படுத்திருந்தார். காலையில் வயிற்று வலி, வாந்தி, கண் சொருகுகிறது. பாம்பு எதையும் பார்க்கவில்லை. பாம்புக்கடியாக இருக்குமா?

இருக்கலாம். இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். இது கட்டுவிரியன் கடியின் பொதுவான தோற்றம். இரவில் இரை தேடும் பாம்பு அது. தரையில் பாயில் படுத்திருப்பவரை, தூக்கத்தில் கை கால் மேலே பட்டால் கடித்துவிடும். பல் சிறியது. வலியும் வீக்கமும் இருக்காது. கொசு கடித்ததாக நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவார்கள்.

விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுவார். சாப்பிட்டது சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். சற்று நேரத்தில் இமை தானாக மூடும். நிமிர்ந்து பார்க்கச் சொன்னால் இமையைத் தூக்க முடியாமல் நெற்றியைச் சுருக்குவார், பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். பிறகு பேச்சு மூக்கால் வரும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும், தலை நிற்காமல் சாயும். அடுத்தது மூச்சு. இந்த வரிசையில் முதல் படியிலேயே சந்தேகப்பட்டால் ஆளைக் காப்பாற்றிவிடலாம்.

“பாம்பு கடித்தவரைத் தூங்க விடாதே” என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். தூங்கினால் விஷம் ஏறாது. அவர் தூங்கவும் இல்லை, இமைத் தசை செயலிழந்துவிட்டது. முழு நினைவோடு நீங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் காது கேட்கும் தூரத்தில் அழுது புலம்ப வேண்டாம்.

கட்டிலில் படுப்பதும், கொசுவலையை மெத்தைக்கோ பாய்க்கோ அடியில் சுற்றிலும் செருகிவிடுவதும் இந்தக் கடியிலிருந்து நல்ல பாதுகாப்பு.

வீட்டில் பிடித்தது கட்டுவிரியனா, ஓநாய்ப் பாம்பா என்று எப்படிப் பிரிப்பது?

இரண்டும் கரும்பழுப்பில் வெள்ளை வளையங்கள் கொண்டவை. கட்டுவிரியனுக்கு வளையங்கள் இரட்டை இரட்டையாக வரும், தலைப் பக்கம் மங்கலாகவும் வால் பக்கம் பளிச்சென்றும் இருக்கும். விஷமில்லாத ஓநாய்ப் பாம்புக்குத் தலைப் பக்கம்தான் தெளிவாக இருக்கும். இது தெரிந்துகொள்வதற்கு மட்டும். கடித்துவிட்டால் இதை வைத்து முடிவெடுக்காதீர்கள், பழகியவர்களும் இரவில் தவறவிடுவார்கள்.

எப்படி, எங்கே கொண்டுபோவது?

108 வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள். இருசக்கர வண்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வாந்தி எடுத்தாலோ மயக்கமாக இருந்தாலோ இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி மூச்சுக் குழாய்க்குள் போகாது.

விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று 108-இலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இது இலவசம், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைக்கப்படுகிறது. பெரிய மருத்துவமனைக்குத்தான் போவோம் என்று பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனையைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் தவணை மருந்தை அங்கே ஏற்றிக்கொண்டு போகலாம்.

வழியில் ஒரு பேனாவை எடுத்து, வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே தோலில் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்த கோடு. கடித்த நேரம், எப்போது வாந்தி, எப்போது இமை தொங்கியது, ஈறில் ரத்தம் வந்ததா, சிறுநீர் எந்த நிறம் என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவருக்கு இவை பாம்பின் படத்தைவிட அதிகம் உதவும்.

வலி தாங்கவில்லை. மாத்திரை கொடுக்கலாமா? பக்கத்துக் கிளினிக்கில் டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுக்கொண்டு போகலாமா?

ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபேன், டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்பதே வழியில் பாதுகாப்பானது. டிடி ஊசிக்கு அவசரமில்லை. ரத்தம் உறையாத நிலையில் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். ரத்தம் சீரான பிறகு மருத்துவமனையில் போடுவார்கள்.

மருத்துவமனையில் உடனே மருந்து ஏற்றாமல் ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்களே?

அது தாமதமல்ல, பரிசோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்து நிற்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். இமை தொங்குவது, மூச்சுத் திணறல் போன்ற அறிகுறிகள் ஏற்கெனவே இருந்தால் இதற்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

விஷ அறிகுறி உள்ளவருக்கு வழக்கமாக 8 முதல் 10 குப்பி வரை விஷமுறிவு மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான். ஆள் சின்னவர் என்பதற்காகப் பாம்பு குறைவாக விஷத்தை இறக்குவதில்லை. குதிரையின் ரத்தத்திலிருந்து தயாரிக்கும் மருந்து என்பதால் சிலருக்கு அரிப்பு, நடுக்கம், ரத்த அழுத்தச் சரிவு வரலாம். அதைச் சமாளிக்க அட்ரினலின் தயாராக இருக்கும். வீட்டில் வைத்து யாரும் இந்த மருந்தைப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

அறிகுறியே இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்கச் சொல்வார்கள். இருங்கள். “ஒன்றும் இல்லையே” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, இரவில் மூச்சுத் திணறித் திரும்பப் போக வேண்டாம்.

வழியில் மூச்சு நின்றுவிட்டால்?

பாம்பு விஷத்தில் மூச்சு நிற்பது பெரும்பாலும் மூச்சுத் தசைகள் தளர்வதால்தான். இதயம் துடித்துக்கொண்டே இருக்கலாம். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பெரியவருக்கு 6 வினாடிக்கு ஒரு முறை, மார்பு எழும்பும் அளவுக்கு. நாடி இல்லை என்றாலோ, பார்க்கத் தெரியவில்லை என்றாலோ மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுங்கள். மருத்துவமனை வாசல் வரை நிறுத்தாதீர்கள்.

கட்டுவிரியன் கடித்தவர் அசைவே இல்லாமல், கண்மணி விரிந்து, இறந்தவர் மாதிரியே கிடப்பார். பல நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து முழுமையாகக் குணமாகி நடந்து வீடு திரும்பியவர்கள் உண்டு. வீட்டார் கைவிட்டுவிடக் கூடாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பீடு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில், மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்தவர்கள்.

நாய் கடித்துவிட்டது. முதலில் என்ன?

குழாயைத் திறந்து காயத்தை நேராக ஓடும் தண்ணீருக்கடியில் பிடியுங்கள். சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சாதாரணக் குளியல் சோப்போ துணி சோப்போ போதும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். கிருமி காயத்திலேயே சில காலம் தங்கி, பிறகுதான் நரம்புக்குள் நுழைகிறது. அதற்குள் கழுவி எடுப்பதுதான் நோக்கம். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. போனில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான காயம் என்றால் உள்ளே தண்ணீர் போகும்படி கழுவ வேண்டும். ரத்தம் பீறிட்டால் மட்டும் முதலில் துணியால் அழுத்தி நிறுத்துங்கள்.

கழுவிய பிறகு பொவிடோன் அயோடின் அல்லது ஸ்பிரிட். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காபித்தூள், எண்ணெய் எதுவும் கூடாது. அவை காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை நரம்புக்குள் தள்ளும். கட்டுப் போட வேண்டாம். தையலும் கூடுமானவரை தள்ளிப்போட வேண்டும். முகம் கிழிந்தது போல் தைத்தே ஆக வேண்டிய இடத்தில், முதலில் காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே மடக்கும் எதிர்ப்புப் பொருள்) செலுத்திவிட்டுத் தளர்வாகத் தைப்பார்கள்.

கீறல்தான். ரத்தம்கூட வரவில்லை. ஊசி தேவையா?

நாய் தொட்டது, முழுமையான தோலில் நக்கியது: ஊசி வேண்டாம், கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், தோலைக் கவ்வியது: தடுப்பூசி உண்டு. ரத்தம் வந்த கடி அல்லது கீறல், ஏற்கெனவே இருந்த புண்ணில் நக்கியது, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டது: தடுப்பூசியும் வேண்டும், கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். நாய்க்குட்டியும் பூனையும் குரங்கும் இதில் அடக்கம். வீட்டு எலி கடித்தால் பொதுவாக டிடி மட்டும் போதும்.

ரத்தம் வந்ததா என்று சந்தேகமாக இருந்தால் ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் தோல் உடைந்திருக்கிறது.

எத்தனை ஊசி? தொப்புளைச் சுற்றிப் போடுவார்களா?

தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிகள் எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டன. அந்தப் பயத்தில் இன்றும் கடியை மறைக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். இப்போது தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாட்களில் இரண்டு கைகளிலும் 0.1 மில்லி வீதம். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 என 5 முறை. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. பெரியவர்களுக்குப் புஜத்தில், சிறு குழந்தைக்குத் தொடையில். இடுப்பில் போட்டால் சரியான பலன் இராது. கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், பச்சைக் குழந்தை என்று யாருக்கும் விலக்கு இல்லை.

நாட்களைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் எங்களுக்குக் கவலை. முன்பே முழுச் சுற்றும் போட்டவர் மறுபடி கடிபட்டால் 0, 3 ஆகிய இரண்டு நாட்கள் போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம்.

காயத்திலேயே போடும் ஊசி எதற்கு?

தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உருவாக்க ஒன்று, இரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்திலேயே கிருமியை மடக்கி வைக்கிற தயார்நிலை எதிர்ப்புப் பொருள் இது. குதிரையிலிருந்து எடுத்தது என்றால் உடல் எடை கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிடமிருந்து எடுத்தது என்றால் 20 யூனிட் வரை. காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் செலுத்துவார்கள், வலிக்கத்தான் செய்யும். தலை, முகம், கழுத்து, விரல் நுனிகளில் கடித்திருந்தால் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். முதல் நாளே போடுவது நல்லது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாட்களுக்குப் பிறகு அதனால் பயனில்லை.

எங்கள் வீட்டு நாய்தான், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது. 10 நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

பார்த்துக்கொண்டே ஊசியைத் தொடங்குங்கள். 10 நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால் மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் சொல்வார். இந்த 10 நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். தெருநாய் மறுநாள் கண்ணில் படவில்லை என்றால் கணக்கே இல்லை.

கடித்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இனி போட்டுப் பயன் உண்டா?

உண்டு. இன்றே போங்கள். நோய் வெளிப்பட 1 முதல் 3 மாதம் ஆவது வழக்கம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. தண்ணீரைக் கண்டு நடுங்குவது போன்ற அறிகுறிகள் தொடங்கிவிட்டால் மருத்துவத்தால் ஏறக்குறைய எதுவும் செய்ய முடியாது. அதற்கு முந்தைய எந்த நாளும் தாமதமில்லை.

கறி, மீன், முட்டை சாப்பிடலாமா? பத்தியம் உண்டா?

எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் இல்லை.

தேள் கொட்டினால்?

பெரிய கருந்தேளைப் பார்த்துப் பயப்படுவார்கள். ஆபத்து அதிகம் சிறிய செந்தேளிடம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்து, பாரசிட்டமால் கொடுத்தால் வலி அடங்கும். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம்.

வலி குறைந்தும் ஆள் சரியாக இல்லை என்றால்தான் கவனிக்க வேண்டும். சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, வாந்தி, எச்சில் வழிதல், கை கால் சில்லிடுதல், ஆண் குழந்தைக்கு உறுப்பு விறைத்தல், படபடப்பு. இவை விஷம் இதயத்தைத் தொட்டதன் அறிகுறிகள். பிறகு நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கும். சிறு குழந்தைகளுக்கு இது வேகமாக நடக்கும். அதனால் குழந்தையைத் தேள் கொட்டினால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரை இதற்கு நல்ல பலன் தருவதை மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் நிறுவினார், 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மாத்திரைதானே என்று வீட்டில் கொடுத்துவிட வேண்டாம். ரத்த அழுத்தத்தைப் பார்த்து, படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

தேனீ, குளவி, கதண்டு கொட்டினால்?

தேனீ கொடுக்கைத் தோலிலேயே விட்டுப் போகும். அதிலுள்ள பை இன்னும் விஷத்தை இறக்கிக்கொண்டிருக்கும். நகத்தாலோ விரலாலோ எப்படியாவது உடனே எடுங்கள், முறையைவிட வேகம் முக்கியம். குளவியும் கதண்டும் கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். கூடு கலைந்தால் நின்று விரட்டாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடிப்போய் வீட்டுக்குள் கதவைச் சாத்துங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம், தலையைத் தூக்கும்போது காத்திருக்கும்.

ஒன்றே ஒன்று கொட்டினாலும் ஒவ்வாமை உள்ளவருக்கு உயிராபத்து. உதடு, நாக்கு, முகம் வீங்குவது, உடல் முழுக்கத் தடிப்பு, குரல் கம்முவது, இழுப்பு, தலைசுற்றல். இவை நிமிடங்களில் வரும். மருந்து அட்ரினலின்: பெரியவருக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில், டெக்ஸோனா ஊசிகள் அதற்கு மாற்று அல்ல. வண்டி வரும்வரை கால்களை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள், அந்த நேரத்தில்தான் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்கள்.

ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் நிறையக் கொட்டுகள் வாங்கியவருக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ டீ நிறத்தில் போனாலோ மறுநாளானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திருக்கை முள், கெளுத்தி முள் குத்தினால்?

இங்கே சூடுதான் மருந்து. குத்திய கையையோ காலையோ 45 டிகிரி அளவு வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். வலியில் இருக்கும் கால் வேகும் சூட்டையும் உணராது. திருக்கை முள் வயிற்றிலோ மார்பிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே கொண்டுபோங்கள், அது ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

பூரான், அட்டை?

பூரான் கடி வலிக்கும், பெரிய கேடில்லை. கழுவி வெந்நீர் ஒத்தடம் போதும். அட்டையை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுங்கள். அதன் எச்சில் ரத்தம் உறைவதைத் தடுப்பதால் கசிவு நெடுநேரம் இருக்கும். துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

வீட்டில், தோட்டத்தில் என்ன வைத்திருக்கலாம்?

நீளமான ஸ்கேல் அல்லது மரப்பட்டை ஒன்று, அகலமான துணிக் கட்டு நான்கு, சோப்பு, பொவிடோன் அயோடின், பாரசிட்டமால், பேனா, டார்ச். இரவில் தோட்டத்துக்கோ கழிப்பறைக்கோ போகிறவர் கையில் அந்த டார்ச் இருக்கட்டும், காலில் செருப்புக்குப் பதில் ஷூ இருந்தால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு 108. அருகில் விஷமுறிவு மருந்தும் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் எந்த மருத்துவமனையில் இருக்கின்றன என்பதை 104 சுகாதார உதவி எண்ணில் இப்போதே விசாரித்து, தொலைபேசி எண்ணோடு கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டிவையுங்கள்.